அந்நிய நாட்டு விடுதியில் முதல் ஆண்டு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், 1982ஆம் ஆண்டு சோவியத் புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோ சென்ற மூன்று பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு உதவியாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். விசா எப்படி, கட்டணம் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும் என்றெல்லாம் பெற்றோர் விசாரிக்கிறார்கள். போய் இறங்கிய அன்று இரவு பிள்ளை எந்தக் கட்டிலில் படுப்பாள், பக்கத்துக் கட்டிலில் யார் இருப்பார் என்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் கேட்கிறார்கள். சிலர் கேட்பதே இல்லை. அதனால் நாங்கள் அந்தக் கட்டிலைப் பற்றியே பேசுவோம் என்று தீர்மானித்தோம். எங்களுக்குத் தெரிந்தது எங்கள் கதை மட்டுமே. மூவரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். குரல் நன்றாக இருப்பவள் வாசிக்கிறாள். இரண்டு இடங்களில் எங்களுக்குள் கருத்து ஒத்துவரவில்லை. அந்த இரண்டையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். தரப்படுத்தல் வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. நல்ல புள்ளி எடுத்தும் வீட்டில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தார்கள். 1981இல் எங்கள் நூலகம் எரிந்தது. மறுவருடம் எங்கள் மூவருக்கும் புலமைப்பரிசில் கிடைத்தபோது, சோவியத் யூனியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேசப்படத்தில் தேடிய அம்மாமாரும் இருந்தார்கள். ஒருத்தி மருத்துவம், ஒருத்தி பொறியியல், ஒருத்தி இரசாயனம். இரண்டு பேர் இங்கே விடுதியில் வளர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்தியின் குடும்பம் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தது. மூன்றாமவள் வீட்டிலிருந்து வந்து போனவள்; தன் உடுப்பைத் தானே தோய்த்தறியாதவள். இதை அவளே எழுதச் சொன்னாள்.

எங்கள் பெட்டிகளில் இருந்தவற்றை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஆளுக்கு மூன்று போத்தல், வடகம், எள்ளுருண்டை, பருத்தித்துறை வடை, வேப்பம்பூ, சித்தாலேப. குளிருக்கென்று இருந்தது ஆளுக்கொரு கம்பளிச் சட்டை மட்டும். அதுவும் நுவரெலியாவுக்குப் போதுமான சட்டை. புறப்படும்போது விடுதி மேற்றன் சொன்னது இவ்வளவுதான்: "எழும்பினவுடன கட்டிலை விரிச்சுப்போடுங்கோ பிள்ளையள். மிச்சமெல்லாம் தானா வரும்." எங்களுக்கு அப்போது அது ஒரு புத்திமதியாகவே படவில்லை.

ஓகஸ்ட் மாத இறுதியில் போய் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது வழி நெடுக வெள்ளைப் பட்டை உரித்த மரங்கள். பேச்சுக்கூட இல்லை எங்களிடம். ரஷ்ய மொழியில் எங்களுக்குத் தெரிந்தவை நான்கு சொற்கள். முதல் வருடம் முழுவதும் மொழி படிக்க வேண்டும், பிறகுதான் பாடம். அந்த ஒரு வருடத்துக்கான விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள்.

விடுதிக்கு அவர்களுடைய சொல் ஒப்ஷெஷீதியெ. பொதுவாக வாழ்தல் என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். வாய்க்குள் நுழைய எங்களுக்கு ஒரு மாதம் எடுத்த சொல். ஐந்து மாடிச் செங்கல் கட்டடம். வாசலில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கிழவி இருந்தார், தலையில் துணி, மடியில் பின்னல் வேலை. உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். விடுதிப் பொறுப்பாளர் அம்மாவைக் கொமெந்தாந்த் என்றார்கள். இராணுவத் தளபதியிடம் போகிறோம் என்று பயந்துகொண்டுதான் போனோம். இருந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். கடவுச்சீட்டுகளைப் பதிவுக்கென்று வாங்கிக்கொண்டார். ஆளுக்கு ஒரு மெத்தை, தலையணை, இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு துவாய், ஒரு திறப்பு. அத்துடன் ஒரு கடதாசியில் ஆளுக்கொரு இலக்கம் எழுதித் தந்தார். மூன்றும் மூன்று வெவ்வேறு இலக்கங்கள், வெவ்வேறு மாடிகள்.

நாங்கள் மூவரும் ஒரே அறை கேட்டோம். கையால், கண்ணால், ஆங்கிலத்தால், பிறகு அழுகையால் கேட்டோம். அவர் தலையை ஆட்டவே இல்லை. ஒரே நாட்டுக்காரரை மட்டும் ஒரே அறையில் விடுவதில்லை என்பது அங்கே ஒழுங்கு. ஒவ்வொரு அறையிலும் ஒரு சோவியத் மாணவியாவது இருப்பார்.

அந்த முதல் இரவை நாங்கள் மூன்று விதமாகக் கழித்தோம். ஒருத்தி மெத்தையை விரிக்காமல் கம்பிக் கட்டிலின் மேல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இருந்தாள். ஒருத்தி விளக்கு அணைந்தபின் போர்வைக்குள் எள்ளுருண்டை தின்றாள். மேற்றனின் சொல் ஞாபகம் வந்து கட்டிலை ஒழுங்காக விரித்தவள் ஒருத்திதான். அவளும் அதில் படுத்து விடியும்வரை அழுதாள்.

கொமெந்தாந்த் செய்தது சரியா, பிழையா? இதுதான் நாங்கள் ஒத்துப்போகாத முதல் இடம். இருவர் சொல்கிறோம்: சரி. மூன்று யாழ்ப்பாணப் பெட்டைகளை ஒரு அறைக்குள் விட்டிருந்தால் வருட முடிவில் எங்கள் ரஷ்ய மொழி நாலு சொல்லிலிருந்து நாற்பதுக்குத்தான் வந்திருக்கும். அறைக்குள் ஒரு சின்ன யாழ்ப்பாணம் கட்டி அதற்குள் படலையைச் சாத்திக்கொண்டு இருந்திருப்போம். மூன்றாமவள் இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. முதல் மாதமாவது சேர்ந்திருக்க விட்டிருக்கலாம், பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படி ஒரு பரிசோதனை செய்யக்கூடாது என்கிறாள். அந்த மாதம் அவளுடைய எடை ஆறு கிலோ குறைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறைத் தோழிகளின் பெயர்களை அவர்களைக் கேளாமல் சொல்வது முறையல்ல. ஊரைச் சொல்லலாம். ஒருத்தியின் அறையில் ஒரு எத்தியோப்பியப் பெண்ணும், ரியாசான் நகரத்திலிருந்து வந்த ஒரு ரஷ்யப் பெண்ணும். அடுத்தவளுக்கு ஒரு மொங்கோலியப் பெண்ணும் ஒரு உஸ்பெக் பெண்ணும். மூன்றாமவளுக்கு இரண்டு வியட்நாம் பிள்ளைகளும் தூலா நகரத்துப் பெண்ணொருத்தியும். ரியாசான்காரி எங்கள் மூவருக்கும் அக்காவாகிவிட்டாள். இரண்டே வயதுதான் மூப்பு. வாசலில் நின்று கை நீட்டிப் பொருள் கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டு உள்ளே இழுப்பாள். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கொடுத்து வாங்கக் கூடாதாம். எங்கள் அப்பம்மா சொன்னதையே ரஷ்யாவில் ஒருத்தி சொல்கிறாளே என்று வாயைப் பிளந்தோம். வெளிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வீட்டுச் செருப்புப் போட வேண்டும். வெறுந்தரையில் இருக்கக் கூடாது. சீட்டியடிக்கக் கூடாது, காசு போய்விடும். அந்நிய நாடு என்று பயந்து போன இடத்தில் பாதிச் சட்டங்கள் எங்கள் வீட்டுச் சட்டங்களாகவே இருந்தன.

தெருவிலும் அப்படித்தான். தலைக்குத் தொப்பியில்லாமல் போனால் முன்பின் தெரியாத கிழவி மறித்து ஏசுவாள். கல்லுப் படியில் இருந்தால், பிள்ளை பெற மாட்டாய், எழும்படி என்று எழுப்புவாள். ஆரம்பத்தில் எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள், ஏசுவதற்கு ஆளிருப்பதும் ஒரு காவல்தானே என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அதன்பிறகு அந்தக் கிழவிகளுக்கு நாங்கள் பதில் பேசவில்லை. பதில் பேசும் அளவுக்கு மொழியும் இருக்கவில்லை.

மொழியால் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடை வாசலில் எல்லாம் மகஸீன் என்று எழுதியிருக்கும். அடேயப்பா, எவ்வளவு சஞ்சிகை வாசிக்கிற சனம் என்று வியந்தோம். மகஸீன் என்றால் அங்கே கடை. பால் என்று நினைத்து வாங்கிய போத்தலில் புளித்த கெஃபீர் இருந்தது. ஒருத்தி துப்பிவிட்டாள். மற்றவள் நாக்கில் வைத்துப் பார்த்து, "இது மோரடி" என்றாள். உப்பும் வெங்காயமும் போட்டு மூவரும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்ட அன்றுதான் வயிறு முதன்முதலாக நிறைந்தது. அவர்களுடைய ரவையில் பிட்டு அவிக்கலாம் என்பதைக் கண்டுபிடிக்க டிசம்பர் ஆனது. தேங்காய்ப்பூ இல்லாத பிட்டு. அதையும் பிட்டு என்றுதான் சொன்னோம்.

எங்கள் மொழி ஆசிரியைக்குப் பிறந்தநாள் வந்தது. ஆளுக்கு இரண்டாகக் கணக்குப் பார்த்து ஆறு கார்னேஷன் பூக்கள் கொண்டுபோனோம். அவர் வாங்கினார், முத்தமிட்டார், பிறகு பேசாமல் ஒரு பூவை எடுத்து எங்களிடமே திருப்பித் தந்தார். ஏன் என்று விளங்கவில்லை. அறைக்கு வந்து ரியாசான்காரியிடம் கேட்டபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். இரட்டைப்படையில் பூக் கொடுப்பது செத்த வீட்டுக்குத்தானாம். இவ்வளவு பெரிய பிழையை இவ்வளவு சத்தமில்லாமல் திருத்தலாம் என்பதை அந்த ஆசிரியையிடம் படித்தோம். எங்களுள் இருவர் பின்னர் விரிவுரையாளர்களானோம். வகுப்பில் அந்தப் பூ பலமுறை ஞாபகத்துக்கு வந்திருக்கிறது.

இனிக் குசினி. விடுதி வாழ்க்கையில் சண்டையும் சமாதானமும் குசினியில்தான். மாடிக்கொரு பொதுக் குசினி, வரிசையாக எரிவாயு அடுப்புகள். முதல் முறை நாங்கள் செத்தல் மிளகாயைத் தாளித்தபோது மாடி முழுவதும் இருமியது. கொமெந்தாந்த் ஓடி வந்தார். இனிமேல் யன்னலைத் திறந்து வைத்து, மற்றவர்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தில்தான் தாளிக்க வேண்டும் என்று ஒரு உடன்படிக்கை. அந்த வாரமே வியட்நாம் பிள்ளைகள் உப்பில் ஊறிய ஹெரிங் மீனைப் பொரித்தார்கள். ரஷ்யப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். நாங்கள் மூவர் மட்டும் மூன்று மாடியிலிருந்தும் குசினியை நோக்கிப் போனோம். கருவாடு பொரிக்கும் வாசம் வந்தால் போகாமல் இருப்போமா? அன்று தொடங்கியது வியட்நாமுக்கும் எங்களுக்கும் நட்பு. எங்கள் மிளகாய்த்தூள் போத்தல்கள் மூன்று மாதம் முந்தி முடிந்ததற்கும் அதுவே காரணம்.

ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரியாசான்காரி பஞ்சு, கடதாசி நாடா, ஒரு சவர்க்காரக் கட்டியுடன் வந்தாள். யன்னல் இடுக்குகளில் பஞ்சை அடைத்து, நனைத்த கடதாசியில் சவர்க்காரம் தேய்த்து மேலே ஒட்டத் தொடங்கினாள். எங்களை உள்ளே வைத்து அடைக்கிறாள் என்றே தோன்றியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு யன்னலை ஆறு மாதத்துக்கு ஒட்டிவைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் மேலே ஒரு சின்னக் கதவு மட்டும் ஒட்டப்படாமல் இருந்தது. ஃபோர்தச்கா என்பார்கள். எவ்வளவு பனி கொட்டினாலும் நாளுக்கு இரண்டு தடவை பத்து நிமிடம் அதைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கொமெந்தாந்திடம் ஏச்சு. அதற்கு வெளியே வலைப்பையில் வெண்ணெயும் இறைச்சியும் தொங்கும். அதுதான் எங்கள் குளிர்சாதனப் பெட்டி. அந்த வலைப்பைக்குப் பெயர் அவோஸ்கா. அவோஸ் என்றால் "ஒருவேளை" என்று பொருள். ஒருவேளை கடையில் ஏதாவது வந்திருந்தால் வாங்கலாம் என்று எல்லோரும் எப்போதும் பொக்கற்றில் வைத்திருப்பார்கள்.

நவம்பர் 10ஆம் திகதி மாலை தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் நின்று சோக இசை மட்டும் போனது. பிரெஷ்நேவ் இறந்த செய்தியை மறுநாள்தான் சொன்னார்கள். 15ஆம் திகதி அடக்கம் நடந்தபோது நகரத்து ஆலைகளின் சங்குகள் ஒன்றாக ஊதின. கண்ணாடிக் கூட்டுக் கிழவி எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். பெரிய நாட்டின் தலைவர் போய்விட்டார், இனி எங்கள் புலமைப்பரிசில் என்னவாகும் என்பதுதான் உண்மையில் எங்கள் கவலை. அதன்பிறகு இரண்டரை வருடத்துக்குள் இன்னும் இருவருக்கு அதே சோக இசையைக் கேட்டோம்.

டிசம்பரில் காலை 9 மணிக்கு விடியும், மாலை 4 மணிக்கு முன் இருட்டிவிடும். அந்த நாட்களில் எழுதிய கடிதங்களைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும்.

கடிதம் ஊருக்குப் போய்ச் சேர மூன்று வாரம், பதில் வர மூன்று வாரம். ஆறு கிலோ குறைந்தவள், "இங்கே சாப்பாடு மிக நன்று, உடம்பு வைத்துவிட்டேன்" என்று எழுதினாள். அறையில் ஒரு மாதம் யாருடனும் பேசாதவள், "அறைத் தோழிகள் சொந்தச் சகோதரிகள் போல" என்று எழுதினாள். வகுப்புப் பரீட்சையில் கோட்டை விட்டவள், "மொழி இலகுவாக வருகிறது" என்று எழுதினாள். வீட்டிலிருந்து வந்த கடிதங்களும் அப்படித்தான். எல்லோரும் நலம், ஒரு குறையும் இல்லை, நீ படிப்பைக் கவனி. எங்கள் பயணத்துக்காக ஈடுவைத்த தாலிக்கொடி இன்னும் மீட்கப்படவில்லை என்பதை யாரும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் அன்பினால்தான் பொய் எழுதினோம். அழகான கையெழுத்தில், பிழையில்லாத தமிழில் எழுதினோம். தமிழ் ரீச்சர் பார்த்திருந்தால் முழுப் புள்ளி தந்திருப்பார்.

1983 யூலை வந்தது. மொழிப் பரீட்சை முடிந்து விடுமுறை. பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்களுக்குப் பயணக்காசு இல்லை, விடுதியிலேயே இருந்தோம். மாத உதவிப்பணம் 90 ரூபிள். அதில் மிச்சம் பிடித்து விமானம் ஏற முடியாது. ரியாசான்காரிக்கு அந்தக் கோடையில் மொஸ்கோவிலேயே தொழிற்பயிற்சி.

வேறு விடுதியிலிருந்த எங்கள் நாட்டு மாணவர் ஒருவரின் சின்ன வானொலியில் இரைச்சலுக்கு நடுவே முதல் செய்தி வந்தது. கொழும்பு எரிகிறது. வெள்ளவத்தை என்ற பெயரும் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் தெளிவாக இல்லை. வெள்ளவத்தை வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

கோர்க்கி வீதியில் மத்திய தந்தி நிலையம் இருந்தது. வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேச அங்கேதான் போகவேண்டும். இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், இணைப்புக் கிடைத்ததும் கூண்டு இலக்கத்தைச் சொல்லி அழைப்பார்கள். வெள்ளவத்தை வீட்டில் தொலைபேசி இல்லை. முன்வீட்டு இலக்கம் ஒன்று இருந்தது, அதைக் கொடுத்தோம். மூன்று இரவு போனோம். எங்கள் பெயர் அழைக்கப்படவே இல்லை. ரியாசான்காரி பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு ஒவ்வொரு இரவும் எங்களுடன் வந்து அந்த மர வாங்கில் இருந்தாள். எங்களுக்காகக் கருமபீடத்தில் சண்டை பிடித்தாள். மெற்றோ நள்ளிரவு 1 மணிக்கு மூடும். கடைசி வண்டியில்தான் திரும்புவோம். அப்போது மெற்றோவுக்கு 5 கொபெக்.

விடுதிக் கதவு 11 மணிக்குப் பூட்டப்படும். பிந்தி வந்தால் காலையில் கொமெந்தாந்திடம் விளக்கம் சொல்ல வேண்டும். முதல் இரவு கண்ணாடிக் கூட்டுக் கிழவி கதவைத் திறந்தார். ரியாசான்காரி ஏதோ மெதுவாகச் சொன்னாள். கிழவி எங்களைப் பார்த்தார். அட்டை கேட்கவில்லை, புத்தகத்தில் எழுதவில்லை. தன் கூட்டுக்குள் கூப்பிட்டு இருத்தி, கண்ணாடிக் கோப்பையில் தேநீர் ஊற்றித் தந்தார். பிறகு அவர் பேசியதில் பாதிதான் எங்களுக்கு விளங்கியது. 1941இல் போருக்குப் போன தன் இரண்டு சகோதரர்களைப் பற்றிப் பேசினார். கடிதம் வராமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்றார். அவர்கள் திரும்பி வந்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. அடுத்த இரண்டு இரவும் நாங்கள் கதவைத் தட்டமுன்பே அது திறந்திருந்தது.

பதின்மூன்றாம் நாள் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. எல்லோரும் நலம், கடிதம் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அடித்திருந்தார்கள்.

நாங்கள் இருவரும் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவள் குதிக்கவில்லை. தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நலம் எண்டுதானே எப்பவும் எழுதுகினம்."

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒரு வருடமாக இரண்டு பக்கமும் அந்தச் சொல்லைப் பொய்க்குச் செலவழித்திருந்தோம். மெய்யான நலம் வந்தபோது அதை நம்ப முடியவில்லை. இருபது நாளைக்குமேல் அவள் அந்தத் தந்தியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, நம்பவும் முடியாமல் எறியவும் முடியாமல் இருந்தாள். பிறகு அம்மாவின் கையெழுத்தில் கடிதம் வந்தது. அதில் நலம் என்ற சொல்லே இல்லை. தையல் மெசின் போய்விட்டது. அண்ணாவின் சான்றிதழ்கள் எரிந்துவிட்டன. அப்பாவுக்கு அடி விழுந்து ஒரு காது கேட்பதில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் அகதிகளாக இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தோம். தாலிக்கொடி ஈட்டுக்கடையில் இருந்தபடியால் தப்பியது. அதைப் படித்து முடித்தபின்தான் அவள் அழுதாள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அப்போதுதான் நம்பினாள்.

அன்று இரவே மூவரும் இருந்து வீட்டுக்கு மெய்யான கடிதம் எழுதினோம். எடை குறைந்தது, பரீட்சையில் விட்டது, முதல் மாதம் பட்டது எல்லாம். இங்கேதான் எங்களுடைய இரண்டாவது கருத்து வேறுபாடு. அகதியாய் வந்து நிற்கும் தாய்க்கு அந்த நேரத்தில் அதையெல்லாம் எழுதியிருக்கக் கூடாது என்று எங்களுள் ஒருத்தி இன்றும் சொல்கிறாள். தன்னுடைய அம்மா அந்தக் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் சாப்பிடவில்லை என்று பிற்காலத்தில் அறிந்தாளாம். மற்ற இருவரும் அதற்குப் பிறகு வந்த கடிதங்களை நினைத்துப் பார்க்கிறோம். அவற்றில் வாசிக்க ஏதோ இருந்தது.

இப்போது கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. தினமும் முகம் பார்த்துப் பேசுகிறீர்கள். ஆனாலும் எங்கள் மூவரில் ஒருத்தியின் மகள் இங்கிலாந்தில் படிக்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறோம். நாளாந்தம் வீடியோவில் பேசினாள். பின்னால் அழகான சுவர், சின்ன விளக்கு, பூச்சாடி. நான்கு மாதம் கழித்துத் தாய் நேரில் போனபோதுதான் அறையின் மற்றப் பக்கத்தைக் கண்டாள். அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுத்துப் பூஞ்சணம். பிள்ளை இரவில் இருமிக்கொண்டிருந்தாள். கமராவை எப்போதும் நல்ல பக்கத்துக்கே திருப்பிவைத்திருந்தாள். குளிருக்குப் பயந்து யன்னலைத் திறப்பதே இல்லை. ஈர உடுப்பை அறைக்குள்ளேயே காயவிட்டிருக்கிறாள். சூடான அறையில் அந்த ஈரம் வேறெங்கே போகும்? குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். தாய் செய்த முதல் வேலை யன்னலைப் பத்து நிமிடம் திறந்துவிட்டதுதான். எங்கள் கொமெந்தாந்த் நாற்பது வருடத்துக்கு முன் ஏசியது அதற்குத்தான் என்று அப்போது விளங்கியது.

அதே பிள்ளை வீட்டுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டும் வாங்கவில்லை. பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் தனியார் வீட்டில் வழமையான வாடகை ஒப்பந்தத்தில் இருப்பவரின் முற்பணத்தை, வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் 30 நாளைக்குள் இட்டு, அதன் விபரத்தை எழுத்தில் தரவேண்டும். கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபிப்பார்களே என்று இருக்காதீர்கள். எந்த நாடானாலும் படத்தை மட்டும் பார்த்து முன்பின் தெரியாதவருக்குக் காசு அனுப்பாதீர்கள். முதல் வருடம் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியில் இடம் கிடைத்தால் கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்கள். புகை அறிவிப்பான் என்று ஒன்று கூரையில் இருக்கும். செத்தல் மிளகாய்க்கு அது கட்டாயம் அலறும். பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை பேசும்போது, "ஒருக்கால் அந்தப் பக்கத்தையும் காட்டு பிள்ளை" என்று கேளுங்கள். கேட்ட பிறகு, கண்டதற்காக ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த நாள் கமரா திரும்பாது.

சொந்தக்காரர் வீட்டில் நிற்கவிடலாமா என்று இன்று காலை இரண்டு அம்மாமார் கேட்டார்கள். முதல் இரண்டு கிழமைக்கு நிற்கட்டும். அதற்குமேல் என்றால் வீட்டைப் பொறுத்தது, இதில் நாங்கள் மூவரும் பொதுவாக ஒன்றும் சொல்ல மாட்டோம்.

ஏப்ரல் மாதத்தில் ரியாசான்காரி யன்னல் கடதாசியைக் கிழித்த நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஆறு மாதம் கேளாத தெருச் சத்தம் ஒரேயடியாக அறைக்குள் வந்தது. ட்ராம் மணி, பிள்ளைகளின் கூச்சல், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டும் சத்தம். எங்கள் மூவரையும் கூப்பிட்டாள். நாலு தலையும் ஒரு யன்னலுக்குள்ளால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றோம். கீழே நின்ற கண்ணாடிக் கூட்டுக் கிழவி நிமிர்ந்து பார்த்து, தொப்பி எங்கே என்று ஏசினார்.

இன்று பின்னேரம் தேநீருக்குப் பிறகு விடுதி மண்டபத்தில், பழைய மேற்றனின் படம் மாட்டியிருக்கும் பக்கத்தில் இருப்போம். வெளிநாடு போக ஆயத்தமாகும் பிள்ளைகள் தயங்காமல் வந்து கேட்கலாம். மிளகாய்த்தூள் எத்தனை போத்தல் கொண்டுபோக வேண்டும் என்பதில் மட்டும் மூவரும் ஒரே பதில் வைத்திருக்கிறோம்.